மழையில்லாத காட்சி

அந்தேரியில், லிஃப்ட் நின்றுபோன கட்டடத்தின்
நான்காம் மாடியில்
ஒகவாங்கோவுக்கு வெள்ளம் வந்துகொண்டிருக்கிறது.
மேலே ஒரு பொட்டு மேகமில்லை.
அங்கோலா மேட்டில் தை மாதம் பெய்தது
ஆனியில் வந்து சேர்கிறது,
காய்ந்த மணலில் நாக்கை நீட்டி நீட்டி,
ஆள் நடப்பதைவிட மெதுவாக.
முன்னால் எறும்புகள் ஓட
பின்னால் நாரைகள்,
இரண்டாம் பந்திக்குக் காத்திருந்தவர்கள்போல.

டெல்டா என்ற சொல்லில்தான்
இரண்டு நாளாக மாட்டிக்கொண்டிருக்கிறேன்.
கழிமுகம் என்று எழுதி அடித்தேன்.
கடலையே காணாத ஆறு இது,
பாலைக்குள் போய் மணல் குடித்துத் தீர்க்கிற ஆறு.
கழிய இடமேது, முகம்தான் ஏது?
வடிநிலம் என்றால் பரீட்சைத் தாள் வாசனை.

லெச்வே மானுக்கு நம்மிடம் பெயரில்லை.
முழங்கால் தண்ணீரைச் சிதறடித்து அது பாயும்போது
நீர்மான் என்று ஒருதரம் சொல்லிப் பார்த்தேன்.
மிருகங்கள் நல்லவை.
உதட்டசைவு பொருந்தவில்லையென்று
எந்தச் சொல்லையும் திருப்பி அனுப்புவதில்லை.

குரல் கொடுக்க வந்த தேவசித்தத்தின் பேண்ட்
முழங்கால்வரை நனைந்திருந்தது.
தாராவியில் நேற்று ராத்திரி மூன்றாம் படி.
ஃபிரிட்ஜைக் கட்டில்மேல ஏத்தியாச்சு,
மாமனாரை மாடி வீட்டுல விட்டாச்சு
என்றபடி ஹெட்ஃபோனை மாட்டினார்.

“வானம் தெளிந்திருக்கிறது. ஆனாலும் வெள்ளம் வருகிறது.”

நிறுத்தச் சொன்னாள் பர்வீன்.
மைக்கில் மழை விழுகிறது.
பஞ்சு ஒட்டிய சுவரைத் தாண்டி
அந்தேரியின் தகரக்கூரைகள் அத்தனையும்
அந்த ஒரு வரிக்குள் நுழைகின்றன.
ஆறு டேக். ஆறிலும் மழை.

காத்திருந்தோம்.
திரையில் சத்தமில்லாமல்
கரையான் புற்றுகள் தீவுகளாயின.
ஒரு யானைக்குட்டி தண்ணீரை மிதிக்கலாமா என்று
தாயின் காலைப் பார்த்தது.
“வருதுன்னு முன்னாடியே தெரியுமா, இதுங்களுக்கு?”
மாதக்கணக்கில் நடந்து வந்து காத்திருக்குமாம், என்றேன்.
அவர் கைக்குட்டையால் கணுக்காலைத் துடைத்தார்.
“மித்தி ஆறு ஒரு மணி நேரம் தராது.”

கெளுத்திக் கூட்டம் வரும் காட்சியில் போன் அடித்தது.
தண்ணி வடிஞ்சிடுச்சாம்.
சிலிண்டருக்குப் பின்னால ஒரு கெளுத்தியாம், உயிரோட,
மீசையை ஆட்டிக்கிட்டு.
என்ன செய்யன்னு கேக்குறா.
திரையில் ஆயிரம் கெளுத்திகள்
நாணல் வேர்களுக்குள் முண்டிக்கொண்டிருந்தன.
சாக்கடை மீன், சமைத்துவிடாதே என்றார் போனில்.
பிறகு, பக்கெட்டில் போட்டு வை என்றார்.

ஏழே காலுக்கு மழை கொஞ்சம் விட்டது.
பர்வீன் கட்டைவிரலை உயர்த்தினாள்.
“வானம் தெளிந்திருக்கிறது” என்றார் தேவசித்தம்,
இருமிவிட்டு, மறுபடியும்.
‘ஆனாலும்’ வந்தபோது மட்டும்
குரல் ஒரு படி கீழே இறங்கி நின்றது.
என் பிரதியில் அந்தப் படி இல்லை.
இன்னொரு டேக் போகலாமா என்பதுபோல் பர்வீன் பார்த்தாள்.
வேண்டாமென்றேன்.

டெல்டா வருமிடத்தில்
இன்னும் கோடு போட்டுத்தான் வைத்திருக்கிறேன்.
அது நாளைய ரீல்.
நாளைக்கும் மழை என்கிறார்கள்.