படிக்கணக்கு

கோட்டை வாசலில்
ஒரு வயிற்றில் பிறந்த எங்களுக்கு
இரண்டு விலை.
எனக்கு உள்ளூர்ச் சீட்டு.
பலெர்மோவிலிருந்து வந்த தம்பிக்கும் மச்சாளுக்கும்
மகன் மத்தேயோவுக்கும் வெளிநாட்டுச் சீட்டு.
"பாசையூரில பிறந்தனான் ஐயா" என்று
ஜெறோம் சொல்லிப் பார்த்தான்.
கடவுச்சீட்டு வேறு கதை சொன்னது.

வேலணைக்குப் படிப்பிக்கப் போன பதினாறு வருடமும்
பஸ் யன்னலால் பார்த்த மதில்.
உள்ளே கால் வைத்தது இன்றுதான்.

சுவர் முழுக்க முருகைக்கல்.
துளை துளையாய் விரலை விட்டு மத்தேயோ கேட்டான்:
"மாமி, இது உயிரோட இருந்ததா?"
ஓம் என்றேன்.
கடற்கரைக்காரி எனக்கே
அப்போதுதான் அது உறைத்தது.

தேவாலயம் நின்ற இடத்தில்
கற்குவியல், எருக்கலை, ஒரு நாய்.
"ஆர் உடைச்சது?"
"ஆர் உடைக்கேல்லை எண்டு கேள்"
என்றாள் மச்சாள், குடையை விரித்தபடி.

தங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலும்
குண்டு விழுந்த வீடொன்று நிற்கிறதாம்.
யன்னலுக்குள்ளால் அத்திமரம் வந்திருக்கிறதாம்.
"அங்க ஒருதரும் சீட்டு விக்கிறேல்லை" என்றான் பெடியன்,
கைகள் இரண்டாலும்
இத்தாலியில் பேசிக்கொண்டு.

மத்தியானம் மந்திரிமனை.
சுவரெங்கும் சாவியால் கீறிய
சோடிப் பெயர்கள்.
சுகந்தன் யாரையோ விரும்பியிருக்கிறான்;
அவள் பெயரைச் சுண்ணாம்பு
உதிர்த்துவிட்டது.

"அங்கத்தைய மாளிகையள் எப்பிடியடா?"
"மூண்டு தெரியும் அக்கா.
பளிங்குப் படி. ஒண்டில அறுபத்திநாலு.
கைபிடியில சிங்கத்தலை,
அதின்ர காதுக்குள்ளதான் ஊத்தை நிக்கும்."
"மேல?"
"மேல போனதில்லை.
படியோட என்ர வேலை சரி."

பத்தொன்பது வருடமாய்
தொலைபேசியில் அவன் சொன்ன 'கட்டடக் கொம்பனி'
இதுதானென்று
எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.
நானும் கேட்டதில்லை.
அந்தக் காசில்தான் என் வீட்டு நிலத்துக்கு
மாபிள் பதித்தேன்.

மாடிப்படியில் வௌவால் எச்சம், செங்கல் தூள்.
குனிந்தான். விரலால் தேய்த்தான். மணந்தான்.
"உதுக்குச் சுடுதண்ணி கூடாது" என்றான்,
"அரை மணித்தியாலம் காணும்."

ஏறக்கூடாதென்ற பலகை
ஒரு பக்கம் சரிந்து கிடந்தது.
அதை வாசிக்கத் தெரியாத மத்தேயோ
எப்போதோ மேலே போய்விட்டான்.
"பாப்பா! பாப்பா!"

செருப்பைக் கழற்றிக்
கையில் எடுத்துக்கொண்டு
தம்பி ஏறினான்.
வெளியே வான்காரர்
ஹோர்ன் அடித்தார்.