இடமறை

அட்லாந்திதாவில் ஒரு பல்வைத்தியர்
முப்பது கோடைகள்
இந்த வேலியன்டின் பின்புறத்தைக் கடலுக்குள் இறக்கித்தான்
தன் படகை மிதக்கவிட்டார்.
கடல் உடனே கூலி கேட்கவில்லை.
தவணையில் எடுத்துக்கொண்டது.

அறுபத்துமூன்றில் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த வண்டி.
நான் வாங்கியபோது மருந்துக்கடையில் எல்லாரும்
எனக்கு மறை கழன்றுவிட்டது என்றார்கள்.
கழன்றிருந்தால் தேவலை.
இதில் கழல்கிற மறை ஒன்றுகூட இல்லை.

பம்பர் போல்ட்டுகளில் தொடங்கினேன்.
கம்பித் தூரிகையால் தேய்க்கத் தேய்க்க
மூக்குப்பொடியாய் உதிர்ந்து தும்மல் வந்தது.
அசிட்டோனும் கியர்பாக்ஸ் எண்ணெயும் பாதிக்குப் பாதி,
கண்மருந்துக் குப்பியில் அடைத்து
ஆளுக்கு மூன்று சொட்டு, இரவு உணவுக்குப் பின்.
கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வதையே சொன்னேன்:
காலையில் பார்ப்போம்.

காலையில் ஒன்று கழன்றது.
ஒன்று கழுத்தொடிந்து கையோடு வந்தது.
ஒன்று ஆறு முனையும் மழுங்கி
எலுமிச்சம்பழம்போல ஸ்பேனருக்குள் உருண்டது.

எதிர்வீட்டு ஏபெர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர்.
மாத்தே குடுவையோடு வந்தார், பிறகு
அசிட்டிலின் சிலிண்டரோடு வந்தார்.
சிவக்கச் சூடாக்கி, சிவப்பு இறங்கும் நேரத்தில்
மெழுகுவர்த்தியை இடுக்கில் தேய்ப்போம்.
மெழுகு உள்ளே ஓடிப் புகையாய்த் திரும்பும்.
கழற்றுமுன் கொஞ்சம் முறுக்க வேண்டும்,
கோபக்காரரிடம் 'நீங்கள் சொல்வது சரிதான்' என்று
பேச்சைத் தொடங்குவதில்லையா, அப்படி.

வலப்பக்கச் சக்கரங்கள் இரண்டும்
ஒரே பிற்பகலில் இறங்கின.
இடப்பக்கத்து முன்சக்கரம் மட்டும்
மூன்று வாரம்.

ஸ்பேனரின் வாலில் குழாயைச் செருகி
அதன் மேல் ஏறி நின்றேன்.
அறுபத்தெட்டு கிலோ.
ஏபெர் ஏறினார், தொண்ணூற்றொன்று.
குழாய் வளைந்தது.
இரண்டாம் ஞாயிறு ஒரு நட்டு
கால் விரற்கடை நகர்ந்தது.
கைதட்டினோம். அன்று மாலை மது வாங்கி வந்தார்.

துடைத்துப் பார்த்தபோது ஆணியின் நுனியில் ஓர் எழுத்து: எல்.
'லூனெஸ்' என்றார் ஏபெர். 'திங்கட்கிழமைதான் கழலுமாம்.'
சிரித்தோம்.
திங்கட்கிழமையும் முயன்று பார்த்தோம்.

அன்றைக்கு வாயு தீர்ந்தது.
புது சிலிண்டருக்கு மாற்றக் குழாயைக் கழற்றினேன்.
எரிவாயுவின் நட்டு எதிர்ப்புறம் சுற்றும்,
தப்பான குழாய் தப்பான வாயில் ஏறிவிடாதிருக்க.
என் மணிக்கட்டு அதை யோசிக்காமலே செய்தது,
கழற்றுவதற்காக வலப்புறம்.

நின்றுவிட்டேன்.
சக்கரத்தைப் பார்த்தேன்.
கையைப் பார்த்தேன்.

ஏபெர், அது திங்கள் இல்லை.
டெட்ராய்ட்காரர்களின் இடது.
எங்கள் இடதுக்கு அந்த எழுத்தே கிடையாது.

மூன்று வாரமாக நாங்கள்
பூட்டிக்கொண்டிருந்தோம்,
எங்கள் முழு எடையோடு
முழு நல்லெண்ணத்தோடு
தீ வைத்து, மெழுகு தடவி,
இடையில் கைதட்டி.

அவர் வெகுநேரம் பேசவில்லை.
மாத்தேயை உறிஞ்சும் சத்தம் மட்டும்,
குடுவை காலியான பிறகும்.

திசையை மாற்றினோம்.
பல்வைத்தியரின் நாற்காலியில் யாரோ அலறியதுபோல
ஒரு சத்தம், பிறகு
குழாய் லேசாகிவிட்டது.
நான்கு நட்டுகள் வந்தன.
ஐந்தாவது ஆணியோடு முறிந்தது.
நாங்கள் கைதட்டியது அதற்குத்தான்.

டிரம்மில் வெள்ளைப் பெயின்ட்டால்
எங்கள் மொழியின் இடதுக்கு முதலெழுத்தை எழுதப் போனேன்.
அடுத்துக் கழற்ற வருகிறவருக்கு
எந்த மொழியோ.
ஓர் அம்புக்குறி வரைந்தேன், கொஞ்சம் கோணலாக.

பின்சக்கரம் இன்னும் இருக்கிறது, அதே பக்கத்தில்.
அதையும் போன மாதமே
ஒருமுறை ஏறி மிதித்திருக்கிறோம்.
மூன்று சொட்டுக்குப் பதில் ஆறு விட்டுவிட்டு
விளக்கை அணைத்தேன்.