முப்பது முறைக்கான அட்டை

நானூற்றுப் பன்னிரண்டு கிராம்.
நானே கேட்டு வாங்கிய கணக்கு.
பத்தொன்பது வருடமாய் ஹூசவிக் துறைமுகத்தில்
மீன்பெட்டிகளை நிறுப்பவள் நான்.
என்னிடமிருந்து இறக்கிய சரக்குக்கு
எடை தெரிய வேண்டாமா?
மருத்துவர் காகிதங்களைப் புரட்டிப் புரட்டிச் சொன்னார்.
ஒரு சின்ன ஹாடக்.
அந்த அளவு மீனுக்குத்
தனி ரசீது போடுவதில்லை நாங்கள்.

ஜூன் கடைசியில் கதிர்வீச்சு முடிந்து
ரெய்க்யவிக்கிலிருந்து திரும்பினேன்.
ராத்திரியிலும் அணையாத வெளிச்சம், தூக்கமில்லை.
முடிந்தது முடிந்தது என்றார்கள் எல்லோரும்.
முடிந்ததற்கு மறுநாள் காலையில்
என்ன செய்வதென்று யாரும் சொல்லவில்லை.
மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொன்னது மருத்துவமனை.
நானும் அந்த நீளத்துக்கே
என் நாட்களை வெட்டிக்கொண்டேன்.
சின்னப் பற்பசை. அரைக்கிலோ மாவு.
பனிக்காலக் காலணிக்குப் பழையதிலேயே ஒட்டு.
துலிப் கிழங்கு நடவில்லை.
நட்டவள் அல்லவா பூவைப் பார்க்க வேண்டும்.

விரல்நுனிகள் இன்னும் மரத்தே கிடக்கின்றன.
சட்டைப் பொத்தானைக் கண்ணால்தான் போடுகிறேன்.
காப்பி மட்டும் மறுபடி காப்பியாகிவிட்டது,
தகரம் போய்.

நீச்சல்குளத்துக்குப் போகவேயில்லை.
தேவாலயத்தில் பார்க்காதவர்களையும்
அங்கே பார்க்கலாம், அதனால்.
இறங்குமுன் ஒரே அறையில், துணியில்லாமல்,
சோப்புப் போட்டுக் குளித்தாக வேண்டும், யாராக இருந்தாலும்.
சுவரில் ஒரு மனித உருவம் தொங்கும்,
தேய்க்க வேண்டிய இடங்களில் சிவப்பு பூசி:
தலை, அக்குள், தொடையிடுக்கு, பாதம்.
என் மேலும் குறி உண்டு.
அழியாத மையில் மூன்று நீலப் புள்ளிகள்.

செப்டம்பரில் ஒரு செவ்வாய், ஆலங்கட்டி மழை.
யாரும் வரமாட்டார்கள் என்று கணக்குப் போட்டுப் போனேன்.
எல்லோரும் வந்திருந்தார்கள்.

துண்டைக் கொக்கியில் மாட்டினேன்.
சுவர்ப்படத்தின் மார்பில் ஒன்றுமில்லை.
எனக்கு இடப்பக்கம் ஒன்றுமில்லை.
இத்தனை வருடத்தில் முதல்முறையாக
அதில் என் சாயல் கொஞ்சம் தெரிந்தது.

அஞ்சலகத்து ஹல்ஃப்ரீதூர்
என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.
பார்க்காததுபோல் நடிக்கவில்லை.
"அந்தக் குழாயில் சுடுநீர் வராது" என்று
தள்ளி நின்று இடம் கொடுத்தாள்.
அவள் வயிற்றில் மூன்று பிள்ளைகளுக்கும் சேர்த்து
ஒரே தழும்பு.

ஒரு சிறுமி மட்டும் வாய் பிளந்து நின்றாள்.
சரி, வரட்டும் என்று
முதுகை நிமிர்த்திக்கொண்டேன்.
"உனக்குப் புருவமே இல்லை" என்றாள்.
அவள் அம்மா ஷாம்பு நுரைக்குள் முகத்தை ஒளித்தாள்.
உண்மைதான். ஒருமுறை முளைத்துத்
திரும்பிப் போய்விட்டன அவை.
"மறுபடி கிளம்பிவிட்டதாம், வந்துவிடும்" என்றேன்.
பேருந்தைப் பற்றிச் சொன்னதுபோல்
தலையாட்டிவிட்டு ஓடினாள்.

நாற்பது டிகிரித் தொட்டி, கழுத்துவரை.
நீருக்கு மேலே வெறும் தலைகள்.
பயமும் என்னோடு இறங்கியிருந்தது:
இடுப்பில் நேற்றிலிருந்து ஒரு வலி,
மாவுப்பை தூக்கியதாலா, வேறு எதனாலோ.
தோர்கில்ஸ் வரப்போகும் சுரங்கப்பாதையைத்
திட்டிக்கொண்டிருந்தார். பதினைந்து வருடம் ஆகுமாம்,
வளைவும் தப்பான இடத்திலாம்.
நானும் சேர்ந்து திட்டினேன்,
தினமும் அதில் போய்வரப் போகிறவளைப் போல.
எனக்கே சிரிப்பு வந்தது.
முன்பில்லாத இந்தச் சுருட்டை முடியில்
ஆலங்கட்டிகள் சிக்கிக்கொண்டன.
விரல் அறியாத குளிரை
உச்சந்தலை நன்றாக அறிந்தது.

வெளியே வரும்போது கவுண்டரில் ஓல்விர்,
பதினேழு வயதிருக்கும், கைப்பேசியிலிருந்து கண்ணெடுக்காமல்:
"அட்டை வாங்கினால் லாபம். பத்தா, முப்பதா?"
வாரம் ஒன்று என்றால் முப்பது என்பது
ஏப்ரல்வரை.
டிசம்பர்ப் பரிசோதனை இடையில் நிற்கிறது.
எடையில் பிசகாதவள்
எதையும் நிறுக்காமல் "முப்பது" என்றேன்.
"இதற்குக் காலாவதி உண்டா?"
"இல்லை. தொலைக்காமல் இருந்தால் சரி."

கோட்டுப் பைக்குள் அட்டை இருக்கிறதா என்று
என் விரலுக்குத் தெரியாது.
வீடு சேர்வதற்குள் இரண்டு முறை நின்று
வெளியே எடுத்துப் பார்த்தேன்.