முதல் ஹீட், எட்டாவது தடம்

பட்டியலில் கடைசிப் பெயர் என்னுடையது.
பக்கத்தில் இரண்டு நிமிடம் பத்தொன்பது என்று
பேனாவால் எழுதியிருந்தார்கள்.
மற்ற ஏழு பேரும் பதினைந்துக்குள்.
நிவாஷினி பத்து.
ஹீட்டுக்கு இரண்டு பேர் போகலாம்,
அதற்கு மேல் மூன்று ஹீட்டிலும் சேர்த்து
வேகமாகத் தோற்றவர்கள் இரண்டு பேர்.

வேகமாகத் தோற்பது.
அதை இரண்டு முறை வாசித்தேன்.

பெரம்பூர் ரயில்வே மைதானம்.
ராத்திரி மழையில் உள்தடம் ஊறிக் கிடக்கிறது.
சுண்ணாம்புக் கோட்டின் மேல்
ஒரு காகம் நடந்து பார்க்கிறது.
தௌலத் வேலிக் கம்பியில் தொங்குகிறாள்,
கையில் அவள் அண்ணனின் போன்.
"முன்னாடி போய் சீன் போடாத.
நிவா முதுகுல ஒட்டிக்கினு போ, புரியுதா?"

புரிகிறது.
ஓட்டம் எனக்கு எண்ணூர் சாலையில் வந்தது.
மணலி யார்டில் கேட் பாஸ் எழுதுகிறவள் நான்.
விடிவதற்குள், துறைமுகத்துக்கு வரிசை கட்டிய
டிரெய்லர்களின் ஓரமாக ஓடுவேன்.
நகரும் கன்டெய்னரின் பின்னால்
காற்று முகத்தில் அடிக்காது,
டீசல் மட்டும் அடிக்கும்.
இரண்டுக்கும் நடுவில் மாட்டினால்
எந்த டிரைவருக்கும் நீ தெரியமாட்டாய்.
ஆகவே ஒரு தோள் அளவு வெளியே.
எப்போதும் ஒரு தோள் அளவு.
சுற்றுக்கு ஏழு மீட்டர் கூடுதலாகும், ஆகட்டும்.

வெடி.
முதல் வளைவு முடிந்து பச்சைக் கொடி வந்ததும்
எல்லோரும் உள்ளே பாய்ந்தார்கள்,
முழங்கை, ஸ்பைக், யாரோ ஒருத்தியின் "அய்யோ".
நான் பாயவில்லை.
அடுத்த வளைவின் முனையைப் பார்த்து
ஒரே சாய்கோடாகப் போனேன்.
ஆறாவதாகச் சேர்ந்தேன், யாரும் இடிக்காமல்.

பிறகு ஒருத்திக்கும் முன்னால் போக மனமில்லை.
ஒருவர் நிழலை ஒருவர் மிதித்துக்கொண்டு
கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி நகர்கிறோம்.
மணி அடித்தது.
"எழுபது!" என்று கத்தினாள் தௌலத்,
குரலில் திட்டு இருந்தது.

எழுபது.
அப்போதுதான் கணக்கு உறைத்தது.
இந்த மெதுவில் கடைசி நூறு வரை போனால்
நிவாஷினியின் கால்கள் ஒரு வேலை செய்யும்,
என் கால்களுக்கு அது தெரியாது.
மூன்றாவதாக வந்தாலும்
இந்த நேரத்தை யாரும் வாங்கமாட்டார்கள்.
ஒட்டிக்கொண்டு போ என்ற திட்டம்
நல்ல திட்டம்தான்,
வேறு யாருக்காவது.

கொருக்குப்பேட்டை கேட்டில் நின்றவர்களுக்குத் தெரியும்.
கூட்ஸ் வண்டியின் கடைசி வேகன் கண்ணில் படுவதற்கு முன்,
சத்தம் மாறுவதைக் கேட்டே
கிக்கரை உதைப்பான் ஒருவன்.
கேட் ஏறும்போது அவன் அந்தப் பக்கம்.
ஏறிய பிறகு உதைத்தவன்
ஹாரன் அடித்துக்கொண்டிருப்பான்.

அதே பச்சைக் கொடி. இன்னும் முந்நூறு மீட்டர்.
தோள் அளவு வெளியே இருந்தேன், வழி இருந்தது.
போய்விட்டேன்.

பின்னால் ஒரு கணம் யாரும் நம்பவில்லை.
அந்தக் கணம் பத்து மீட்டர் நீளம்.
எதிர்ப்பக்கம் முழுக்க என் மூச்சு மட்டும்.
வளைவில் தொடைக்குள் ஈர மணல் இறங்கியது.
நேர்க்கோட்டில் ஸ்பைக் சத்தம் நெருங்கியது.
எண்பது மீட்டர் மிச்சமிருக்கும்போது நிவாஷினி போனாள்,
மூச்சு கூட வாங்காமல்.
கோட்டுக்குக் கை எட்டும் தூரத்தில்
காட்பாடிப் பெண் ஒருத்தி, பெயர் தெரியாது.

மூன்றாவது.
இரண்டு பதினாறு புள்ளி எட்டு.
என் வாழ்நாளில் இவ்வளவு வேகமாகத்
தோற்றதில்லை.

தண்ணீர் பாக்கெட்டைக் கடித்துக்கொண்டு
தரையில் கிடக்கிறேன்.
இரண்டாவது ஹீட் வரிசையில் நிற்கிறது.
பதினொன்றரைக்கு ஷிஃப்ட்.
அண்ணன் போனைக் கேட்கிறான்,
தரமாட்டேன் என்கிறாள் தௌலத்.

வெடி.
எழுந்து வேலியைப் பிடித்துக்கொள்கிறேன்.
எட்டுப் பேரும் புத்திசாலிகளாக இருக்கட்டும்.
ஒருத்தி முதுகில் ஒருத்தி ஒட்டிக்கொள்ளட்டும்.
கடைசி நூறுக்குக் காத்திருக்கட்டும், தாயே,
யார் காதிலும்
அந்த வேகன் சத்தம் மாறாமல் இருக்கட்டும்.