அரைப்பேர்

பிரட்டுக்களத்துத் தகரச் சுவரில்
அந்த வாயை ஒட்டியவள் நான்தான்.
கன்னம் அரித்து, கடைவாய்ப் பல் வெளியே தெரியும் வாய்.
கீழே மூன்று மொழியில் எச்சரிக்கை.
மறுநாள் விடிவதற்குள்
சம்பளத் தேதி வட்டமிட்ட நகைக்கடைக் காலண்டர் ஒன்றை
யாரோ அதன்மேல் தொங்கவிட்டிருந்தார்கள்.

"காலங்காத்தால அதப் பாத்துட்டு
மலைக்கு ஏற மனசு வருமா மிஸ்ஸி?"
என்றாள் பூங்காவனம்.

கணக்காகவும் சொல்லிப் பார்த்தேன்,
இத்தனை பேரில் இத்தனை பேருக்கு வருமென்று.
"கூடைக்கு ரெண்டு கிலோ, ஈரத்துக்கு ரெண்டு கிலோ வெட்டுறான்.
அதுல இதுவும் ஒரு கழிவு" என்று
வெற்றிலை நரம்பைக் கிள்ளி எறிந்தார்கள்.

வெற்றிலை என்பது
பன்னிரண்டாம் நம்பர் மலையில் பதினொரு மணிப் பசி.
தைப் பனியில் கன்னத்துக்குள் ஒரு கணப்பு.
அட்டை ஏறினால் அதே சுண்ணாம்பு.
இத்தனையையும் என் பதிவேட்டில்
'பழக்கம்' என்ற ஒரே கட்டத்துக்குள்
ஒரு சரியடையாளமாக இடவேண்டும்.

பிறகு கொழும்பிலிருந்து ஒரு திட்டம் வந்தது.
மாதக் கடைசியில் வாய் சுத்தமாக இருந்தால்
ஐந்நூறு ரூபாய் ரீலோட்.
முதல் மாதம் பதினேழு பேர்.
அடுத்த மாதம் நாற்பத்தொன்று.
அறிக்கையில் கோடு ஏறியது,
கொழுந்து ட்ராக்டர் மாதிரி புகைவிட்டுக்கொண்டு.

பரிசோதனைக்கு முதல்நாள் பீலிக்கரையில்
உப்பும் அடுப்புக்கரியும் சேர்த்துப்
பல் தேய்க்கும் சத்தம்
மேல் லயம் வரை கேட்குமாம்.
தெரியாதவள்போல் இருந்தேன்.
எனக்கும் கோடு ஏறவேண்டியிருந்தது.

பூங்காவனம் மட்டும் வரவில்லை.
கேட்டால் தலைத்துண்டை வாய்வரை இழுத்துக்கொண்டு
"ரீலோட் போட்டு யாருக்குப் பேசப்போறேன்" என்பாள்.
வெள்ளவத்தைக் கடையில் நிற்கும் மகனுக்கு
மிஸ்கோல் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவள் அவள்.

நாலாம் மாதம், கொழுந்து மடுவத்தில்,
தேத்தண்ணியை ஆற்றி ஆற்றி
குடிக்காமலே கீழே ஊற்றினாள்.
அருகில் போய் உட்கார்ந்தேன்.
இரண்டு விரல் அகலத்துக்குமேல் வாய் திறக்கவில்லை.
இடக்கன்னத்தின் உள்ளே
ஒரு ரூபாய்க் குற்றி அளவுக்கு வெள்ளை.

"எப்ப இருந்து?"
"நீங்க படம் ஒட்டினீங்களே, அதுக்கு முந்தி."
"சொல்லியிருக்கலாமே!"
"சுத்தமான வாய்க்குத்தானே பரிசு.
இந்த வாய்க்கு என்ன தருவீங்க?
கண்டிக்குப் போனா ரெண்டு பேர் போயிரும்."

பேர் என்றால் இங்கே ஒரு நாட்கூலி.
வேலைக்குப் போகாத நாளில்
மனிதருக்குப் பேர் இல்லை.

அன்றிரவு படிவத்தின் பின்பக்கம் எழுதினேன்:
சுத்தத்துக்கு வேண்டாம், திறந்து காட்டுவதற்குக் கொடுங்கள்.
காட்டுகிறவருக்கு அரைப்பேர்.
கண்டிக்குப் போகிறவருக்கு முழுப்பேர், பஸ் காசு.

துரை ஒரு வாரம் மேசையில் வைத்திருந்தார்.
"வெத்திலை போடுறவளுக்கும் அரைப்பேரா?"
கடைசியில் அரைப்பேருக்கு மட்டும் ஒப்பமிட்டார்,
அதுவும் மார்ச் வரைக்கும்.
பஸ் காசு மரணாதாரச் சங்கத்துப் பெட்டியிலிருந்து வந்தது.
உயிரோடு இருக்கும் ஒருத்திக்கு
அந்தப் பெட்டி திறந்தது அதுதான் முதல் தடவை.

வரிசை மடுவத்தைத் தாண்டி ரோட்டுவரை நின்றது.
சிவந்த வாய்கள், கறுத்த வாய்கள்,
வெட்கத்தில் பாதி மூடிக்கொண்ட வாய்கள்.
கோடு விழுந்தது.
கொழும்பிலிருந்து கோல் எடுத்துக் கேட்டார்கள்,
இந்த மாதம் மட்டும் ஏன் இவ்வளவு அழுக்கு என்று.

காலண்டரை இன்னும் யாரும் கழற்றவில்லை.
நானும்தான்.

சதை எடுத்து அனுப்பிய முடிவு
கண்டியிலிருந்து வரவேண்டியிருக்கிறது.
நேற்று டிஸ்பென்சரி வாசலில் பூங்காவனம்
மடியை அவிழ்த்துக் காட்டினாள்.
"பாக்கும் இல்ல, பொயிலையும் இல்ல, பாருங்க,
வெறும் வெத்திலதான் மிஸ்ஸி.
இதுக்கு ஒரு அரைப்பேராவது கெடைக்குமா?"