இதற்குட்பட்ட பத்தடி

படகு வாங்கக் கிளம்பியவள்
முதலில் வீட்டை அளந்தேன்.
முருங்கப்பாக்கம், மாடிப்படிக்குக் கீழே,
வடக்கே தண்ணீர் மோட்டார்,
தெற்கே வீட்டுக்காரர் துரைக்கண்ணுவின் ஓடாத ஸ்கூட்டர்.
இதற்குட்பட்ட பத்தடி நாலங்குலம்.
பத்திரம் எழுதுகிறவளுக்கு வேறு மொழி வராது.

கீழ்க்கால் எலும்பில் மயிரிழை விரிசல்.
எட்டு வாரம் ஓடக்கூடாது என்றாள் ஜெசிந்தா.
என் முகத்தைப் பார்த்துவிட்டு
உட்கார்ந்து செய்கிற எதையாவது செய்யுங்கள் என்றாள்.
உட்கார்ந்துதான்
பதினாறு வருடமாகச் செய்கிறேன்.

ஆற்றங்கரையில் பெர்னார்து
மூன்று கயாக்குகளை இறக்கிவைத்தார்.
சிவப்பு பன்னிரண்டரை அடி, ஒடுக்கம்.
நாலு வீச்சில் அலையாத்தி நிழலைத் தொட்டேன்,
ஐந்தாவதில் தண்ணீர் என்னைத் தொட்டது.
காதுக்குள் உப்பும் சேறும்.
கரையில் நண்டு வலை சுருட்டிக்கொண்டிருந்தவர்
சிரிக்கவில்லை.
சிரித்திருக்கலாம்.

நீலத்தின் மேல்
தட்டில் வைத்த இட்லி மாதிரி உட்கார்ந்தேன்.
கவிழவே கவிழாது,
இடுப்புக்குக் கீழே எந்நேரமும் ஈரம்.
மார்கழியில்? என்றேன்.
மார்கழியிலும் ஈரம் என்றார்.

மஞ்சள் பத்தடி. அகலம் முப்பது அங்குலம்.
முதுகுக்குச் சாய்வு, பாதத்துக்கு இரண்டு மிதி.
நேராகப் போ என்றால்
கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் போகிறது.
கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம் என்பதை
மணிக்கட்டில் கட்டிக்கொண்டு திரிகிறவளுக்கு
மெதுவானதைக் கைகாட்ட
வாய் வரவில்லை.

தோளால் இழுக்காதீங்க மேடம்,
வலப்பக்கம் இழுக்கறப்ப
வலது காலை அழுத்துங்க.

அழுத்தினேன்.
இடுப்பு திரும்பிற்று, விலா திரும்பிற்று,
துடுப்பு தன்பாட்டுக்குப் பின்னால் போயிற்று.
எட்டு வாரம் விடுப்பில் அனுப்பிய கால்
தரையே இல்லாத இடத்தில்
வேலைக்குச் சேர்ந்துவிட்டது.

இருபத்திரண்டு கிலோ.
குட்டியானை வண்டியில்
மஞ்சள் மூக்கு வெளியே நீட்டியபடி வந்து சேர்ந்தது.
பிறகு, விடியலில், இரண்டு சின்னச் சக்கரம் மாட்டி
ஆறுவரை நானூறு மீட்டர்
நானே இழுத்துப் போனேன்.
முதல் வாரம் தெரு நாய்கள் குரைத்தன,
இரண்டாம் வாரம் கூடவே வந்தன.
பால்காரர் மட்டும் இன்றுவரை
விலை கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ஒன்பதாம் வாரம் கடற்கரைச் சாலையில் ஓடினேன்.
நாலாவது கிலோமீட்டரில்
காதுவரை ஏறிவிடும் தோள்கள்
அன்று இறங்கியே கிடந்தன.
மூச்சு முதுகுப்பக்கத்து விலாவரை போய் வந்தது.
அங்கே ஓர் அறை இருப்பது
எந்த வரைபடத்திலும் எனக்குக் காட்டப்படவில்லை.
வேகம் ஆறு நிமிடம் நாற்பது நொடி.
கடிகாரத்தைத் திட்டவில்லை.

திரும்பி வந்தால்
படகுக்குள் தேங்காய் அடுக்கியிருக்கிறது.
இடம் சும்மாத்தானே கெடக்கு என்கிறார் துரைக்கண்ணு.
வாடகை பேசுவார் என்று நினைத்தேன்,
பேசவில்லை.

மறுநாள் விடியலில்
பொறுக்க மறந்துபோன மூன்று
காலடியில் உருண்டுகொண்டே வந்தன,
நான் திரும்பும் பக்கமெல்லாம்.