நாற்பது கிராம்

ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில்
என் கால்புண்ணின் சீழைச் சோதித்து
டாக்டரம்மா தாளை நீட்டினாள்.
எட்டு மருந்து கேட்காதாம்.
அதில் இரண்டை எனக்கு முன்பே தெரியும்.
கொட்டகையில் தண்ணீரில் கலக்கும்
நீல வாளியின் மூடியில் இருந்த பெயர்கள்.

இந்த பேட்சுக்கு
பாவூர்சத்திரம் சந்தையில்
விலைபோகாத பொடிப்பூண்டு ஒரு மூட்டை,
ஓமம், விரலி மஞ்சள்.
கீழாநெல்லி வரப்பிலேயே கிடந்தது.
அரைத்துத் தீவனத்தில் புரட்டினேன்.
கொட்டகை முழுக்க ரச வாசம்.
சூப்பர்வைசர் ஆல்வின் மூக்கைப் பொத்தி,
"என்ன அண்ணாச்சி, உசுரோடயே தாளிக்கியளா?"

பதினெட்டாம் நாள் மழை.
நார்த்தூள் நனைந்து கட்டிதட்டியது.
பதினொன்று செத்தன.
அன்றிரவு
வாளி மூடியைத் திறந்தேன்,
மூடினேன்.
மறுநாள் நான்கு.
அதற்கு மறுநாள்
அட்டையில் சைபர் போடப் பேனா எழுதவில்லை.
தாள் கிழிய அழுத்தி வட்டம் போட்டேன்.

முப்பத்தைந்தாம் நாள் தராசில்
கோழிக்கு நாற்பது கிராம் குறைவு.
ஆல்வின் சிவப்பில் கோடிழுத்தான்,
கூலியில் பிடிப்பார்கள் என்றான்,
என் முகத்தைப் பார்க்காமல்.

நாற்பது கிராம்
ஒரு முழுப்பூண்டின் எடை.
மாறாந்தை வளைவில் லாரி மறையும்வரை
அதைக் கையில் வைத்தபடி நின்றேன்,
புண்ணுள்ள காலை ஊன்றாமல்.